மதிப்பெண் போடும் கையும் புகார் கேட்கும் காதும்

சந்திரகிரிக் கோட்டைக்கும் திருப்பதிக்கும் இடையே பஸ்ஸில் அரைமணி நேரப் பயணம்தான். அதைச் சுற்றியுள்ள வட்டாரத்தில் இன்று நிற்கும் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தினால் வியப்பாக இருக்கும். 1954இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் வந்தது. 1983இல் என்.டி. ராமராவ் ஆட்சியில் பெண்களுக்கென்றே ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. 2015இல் ஐ.ஐ.டி.யும் ஐசரும் வந்தன. பழைய சமஸ்கிருத வித்யாபீடம் 2020இல் மத்தியப் பல்கலைக்கழகமானது. 2022இல் சந்திரகிரி மண்டலத்துக்குள்ளேயே, ரங்கம்பேட்டையில், மோகன் பாபு பல்கலைக்கழகம் உருவானது. ஒரு காலத்தில் விஜயநகரத்தின் கடைசி அரசர்கள் இருந்து ஆண்ட ஊரைச் சுற்றி இப்போது மாணவர்கள்தான் நிறைந்திருக்கிறார்கள்.

அவர்களில் பலர் பீலேர், பாகாலா, புத்தூர், சத்தியவேடு பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். கல்லூரிச் சேர்க்கையில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் இடஒதுக்கீடு, கட்டணத்தை அரசே திருப்பிக் கொடுக்கும் திட்டம் என்று ஆந்திரம் வாசலைத் திறந்துவிடும் வேலையை ஓரளவு செய்திருக்கிறது. உள்ளே வந்த பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன நேர்கிறது என்பதுதான் கேள்வி.

வளாகங்களில் பாகுபாடும் துன்புறுத்தலும் ஏன் தொடர்கின்றன என்று கேட்டால், சட்டம் போதவில்லை, விழிப்புணர்வு போதவில்லை என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. இரண்டையும் நான் ஏற்கவில்லை. சட்டம் போதுமான அளவுக்கு இருக்கிறது. சுவரொட்டிகளும் உறுதிமொழி நிகழ்ச்சிகளும் ஏராளமாக இருக்கின்றன. மாணவரின் மதிப்பெண்ணையும் பட்டத்தையும் கையில் வைத்திருப்பவரும், அவருடைய புகாரைக் கேட்பவரும் ஒரே ஆளாகவோ ஒரே அறையில் டீ குடிக்கிறவர்களாகவோ இருப்பதுதான் சிக்கலின் வேர். இந்த முடிச்சை அவிழ்க்காமல் வைத்துக்கொண்டு எத்தனை குழு அமைத்தாலும் பயனில்லை.

கல்லூரியில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது படித்தவர்களுக்குத் தெரியும். இன்டர்னல் மார்க்கில் இருக்கிறது. செய்முறைத் தேர்விலும் வைவாவிலும் இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அது குறைந்தால் ஹால் டிக்கெட் வராது. முனைவர் பட்ட மாணவருக்கு அது முழுக்க முழுக்க ஒரே மனிதரிடம் இருக்கிறது. கைடின் கையெழுத்து இல்லாமல் உதவித்தொகை வராது, ஆய்வேடு சமர்ப்பிக்க முடியாது, பிறகு வேலைக்கான பரிந்துரைக் கடிதமும் கிடைக்காது. எழுத்துத் தேர்வில் விடைத்தாளை யாரோ முகம் தெரியாதவர் திருத்துகிறார். மற்ற எல்லாவற்றிலும் முகமும் பெயரும் ஊரும் தெரிந்த ஒருவர் முடிவெடுக்கிறார். பாகுபாடு நுழைவது இந்த இரண்டாவது வழியில்தான். டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு 2007இல் கொடுத்த அறிக்கையிலும் செய்முறை, வாய்மொழித் தேர்வுகளைப் பற்றிய குறை உரக்க ஒலித்தது.

இதை விளங்கிக்கொள்ள ஒரு தமிழ் மாணவரின் கதையைச் சொல்ல வேண்டும். செந்தில்குமார் சேலம் மாவட்டத்துக்காரர். பன்றி வளர்ப்பைத் தொழிலாகக் கொண்ட பன்னியாண்டி சமூகத்தில் பிறந்து இயற்பியல் படித்து, முனைவர் பட்டத்துக்காக ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் போனவர். அங்கே அவருக்கு வழிகாட்டி ஒதுக்கப்படவில்லை. பாடத்தேர்வில் தேறவில்லை என்ற காரணத்தைக் காட்டி உதவித்தொகை நிறுத்தப்பட்டது. அந்தப் பணத்திலிருந்துதான் அவர் ஊருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். 2008 பிப்ரவரியில் விடுதியில் உயிரை மாய்த்துக்கொண்டார். பல்கலைக்கழகமே அமைத்த வினோத் பவராலா குழு விசாரித்தபோது, அந்தத் துறையின் நடைமுறைகள் தெளிவில்லாமலும் இடையிடையே மாற்றப்பட்டும் இருந்தது தெரியவந்தது. யாரும் அவரைச் சாதி சொல்லித் திட்டியதாக ஆவணம் தேட வேண்டியதில்லை. வழிகாட்டி இல்லை, விதி எது என்று தெரியவில்லை, பணம் இல்லை; ஒரு மாணவரை வெளியே தள்ள இவை போதும்.

அதே பல்கலைக்கழகத்தில் 2013இல் இன்னொரு ஆய்வு மாணவர் இறந்தார். அவருக்கும் நெடுநாள் முறையான வழிகாட்டி அமையவில்லை. 2015 ஜூலைக்குப் பிறகு, அங்கேயே ஆய்வு மாணவராக இருந்த ரோஹித் வெமுலாவுக்கு மாதம் 25,000 ரூபாய் உதவித்தொகை வரவில்லை. பிறகு அவரும் தோழர்கள் நால்வரும் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, வளாகத்தின் திறந்தவெளியில் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். 2016 ஜனவரி 17 அன்று அவர் இறந்தார். நாடே அந்தப் பெயரைப் பேசியது. ஆனால் 2008லேயே ஒரு குழு உட்கார்ந்து, பார்த்து, எழுதி வைத்த குறைகள் அப்போதே களையப்பட்டிருந்தால் என்ற கேள்வியை விட்டுவிட்டுப் பேசியது. குழுவின் அறிக்கையைச் செயலாக்கும் பொறுப்பு யாரிடம் இருந்ததோ அவர்களே குறை சொல்லப்பட்டவர்களாகவும் இருந்தார்கள் என்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை.

மதிப்பெண் அதிகாரத்தின் இன்னொரு முகத்தைத் தமிழ்நாடு 2018 ஏப்ரலில் காதால் கேட்டது. அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் உதவிப் பேராசிரியை, பல்கலைக்கழக உயர் அதிகாரிகளின் விருப்பத்துக்கு இணங்கினால் மதிப்பெண்ணும் பணமும் கிடைக்கும் என்று மாணவிகளிடம் தொலைபேசியில் பேசிய ஒலிப்பதிவு வெளிவந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. வழக்கில் சேர்க்கப்பட்ட மற்ற இருவர் விடுதலையானார்கள். அந்த மாணவிகள் துணிந்து உரையாடலைப் பதிவு செய்திருக்காவிட்டால் அந்த வழக்கே இல்லை. ஒரு பெண் தன் படிப்பைக் காப்பாற்றிக்கொள்ளத் துப்பறிவாளராக வேண்டியிருந்தது.

திருப்பதியும் விலக்கல்ல. 2025 டிசம்பரில் தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகத்தில் மாணவி ஒருவருக்கு நேர்ந்ததாகச் சொல்லப்படும் பாலியல் துன்புறுத்தல் தொடர்பாகக் காவல்துறை வழக்குப் பதிந்தது. உதவிப் பேராசிரியர்கள் இருவர் கைதானார்கள். குற்றம் நடந்ததா என்பதை நீதிமன்றம் தீர்க்கட்டும். நாம் கேட்க வேண்டியது வேறு: இப்படியொரு நிலை வந்தால் அந்தப் பெண் வளாகத்துக்குள்ளேயே யாரிடம் போயிருக்க முடியும்? அதே ஆண்டு ஜூலையில் ஒடிசாவின் பாலசோரில், ஃபகீர் மோகன் கல்லூரி மாணவி ஒருவர் தன் துறைத்தலைவர் மீது புகார் கொடுத்தார். விசாரணைக் குழுவும் கூடியது. ஆனாலும் நீதி கிடைக்காது என்று மனம் வெறுத்த அந்தப் பெண் கல்லூரி வளாகத்திலேயே தீக்குளித்து, ஜூலை 14 அன்று புவனேஸ்வர் மருத்துவமனையில் இறந்தார். அவர் தீக்குளித்த பிறகே துறைத்தலைவரும் முதல்வரும் கைதானார்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக 1997 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த விசாகா தீர்ப்பு, 2013ஆம் ஆண்டுச் சட்டம் இவை பலரும் அறிந்தவை. அதே பொருளில் அதிகம் பேசப்படாதது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. 2016 மே மாதம் அரசிதழில் வந்த இது அரசு, தனியார் என்ற வேறுபாடில்லாமல் எல்லா உயர்கல்வி நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படித்தால், இதை எழுதியவர்களுக்கு வளாகத்தின் உள்வாழ்க்கை தெரிந்திருந்தது புரியும்.

உள்ளகப் புகார்க் குழுவின் தலைவர் மூத்த பெண் பேராசிரியராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளி அமைப்பிலிருந்து ஒருவர் வர வேண்டும். இவற்றைவிட முக்கியமான ஒரு விதி அதில் உண்டு. துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் போன்ற நிர்வாகப் பதவியில் இருப்பவர்கள் குழுவில் உட்காரவே கூடாது. நிறுவனத்தின் பெயர் கெட்டுப்போகக் கூடாது என்ற கவலையே யாருக்கு முதற்கவலையோ அவர் நீதி சொல்லும் இடத்தில் இருக்கக் கூடாது என்பதுதான் இதன் பொருள். விவகாரத்தில் மாணவர்கள் சம்பந்தப்பட்டிருந்தால் மூன்று மாணவ உறுப்பினர்களும் வேண்டும். அவர்கள் மாணவர்களாலேயே வெளிப்படையாகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். எத்தனை கல்லூரிகளில் இந்தத் தேர்தல் நடக்கிறது? துறைத்தலைவருக்குப் பிடித்த நல்ல பிள்ளைகள் மூவரின் பெயரை எழுதிப் பலகையில் ஒட்டிவிட்டால் விதி நிறைவேறியதாகாது.

விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், முடிந்த பத்து நாளில் அறிக்கை, அதிலிருந்து 30 நாளுக்குள் நடவடிக்கை என்று காலக்கெடுவும் இருக்கிறது. என் வாதத்துக்கு மிக வேண்டியது இடைக்கால நிவாரணம் பற்றிய பகுதி. விசாரணை நடக்கும்போதே, புகாருக்கு உள்ளானவர் புகார் கொடுத்தவரின் தேர்வையோ ஆய்வையோ செயல்பாட்டையோ மதிப்பிடக் கூடாது என்று குழு தடுத்து வைக்க முடியும். புகார் கொடுத்தவருக்கு மூன்று மாதம்வரை விடுப்பு கொடுக்கலாம். இரு தரப்பில் ஒருவரை வேறு பிரிவுக்கு மாற்றலாம். மதிப்பெண் போடும் கையைத் தற்காலிகமாகவாவது விலக்கி வைக்கும் இந்த விதி மட்டும் புகார் வந்த அன்றே தானாக நடைமுறைக்கு வந்தால், வளாகத்தின் பயத்தில் பாதி குறைந்துவிடும். ஆனால் பரிந்துரைப்பது குழு, நிறைவேற்றுவது நிர்வாகம். அங்கேதான் நாட்கள் ஓடுகின்றன. “செமஸ்டர் முடியட்டும் பார்த்துக்கலாம்மா” என்ற ஒரு சொல்லில் அந்தப் பெண்ணின் செமஸ்டரே முடிந்துபோகிறது.

முனைவர் பட்டப் படிப்பில் இது இன்னும் கடினம். கைடை மாற்ற வேண்டும் என்றால் அந்தத் துறையில் வேறு யாரும் அந்தப் பொருளில் ஆராய்பவர் இல்லை என்பார்கள். கைடு மாறினால் தலைப்பு மாறும். தலைப்பு மாறினால் மூன்று ஆண்டு உழைப்பு வீண். இந்த இழப்பைப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும். காலநீட்டிப்பும் உதவித்தொகைத் தொடர்ச்சியும் மாணவரின் உரிமையாக விதியில் எழுதப்பட வேண்டும், கருணையாக அல்ல.

ரகசியம் காப்பதும் சட்டத்திலேயே உள்ள கடமை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் வெளியாளால் வன்கொடுமைக்கு ஆளானபோது, அவரது விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவர் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்ததோடு, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. குற்றவாளிக்கு 2025 ஜூன் 2 அன்று, 30 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் சிறை கிடைத்தது. புகார் கொடுத்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பு வரவும் முடியும் என்பதற்கு இது சான்று. அந்த வேகம் குற்றவாளி வெளியாளாக இருந்ததாலும் நாடே பார்த்துக்கொண்டிருந்ததாலும் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சாதிக்கு எதிரான விதிகளின் கதை வேறு. மானியக் குழு 2012இல் சமத்துவத்துக்கான ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. சாதி, சமயம், மொழி, இனம், பாலினம், மாற்றுத்திறன் ஆகியவற்றை வைத்து வேறுபடுத்துவதை அது பாகுபாடு என்று வரையறுத்தது. வகுப்பில் ‘ரிசர்வேஷன் பசங்க’ என்று முத்திரை குத்துவதுகூட அதன்படி குற்றம். சமவாய்ப்பு மையமும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் ஒவ்வொரு வளாகத்திலும் வேண்டும். புகாருக்கு 60 நாளில் தீர்வு வேண்டும். ஏழாண்டு கடந்தும் அது ஏட்டிலேயே கிடந்ததால்தான் ரோஹித் வெமுலாவின் தாய் ராதிகாவும், மும்பையில் 2019இல் இறந்த மருத்துவ மாணவி பாயல் தட்வியின் தாய் ஆபிதாவும் உச்ச நீதிமன்றம் போனார்கள். மகனையும் மகளையும் பறிகொடுத்த இரண்டு தாய்கள் கேட்ட பிறகே அரசு இயந்திரம் அசைந்தது. மானியக் குழு நீதிமன்றத்துக்கும் நாடாளுமன்றக் குழுவுக்கும் கொடுத்த கணக்கின்படி, சாதிப் பாகுபாட்டுப் புகார்கள் 2019-20இல் 173, 2023-24இல் 378. நாடு முழுவதற்கும் இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றுகிறது. புகார் கொடுக்க வழியோ துணிவோ இல்லாதவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள்.

2026 ஜனவரியில் புதிய ஒழுங்குமுறை அறிவிக்கப்பட்டது. பிற்படுத்தப்பட்டோரும் பாதுகாப்புக்குள் வந்தார்கள். புகார் வந்த 24 மணி நேரத்தில் குழு கூட வேண்டும் என்றது. எதிர்ப்புப் போராட்டங்கள் எழுந்தன. ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், சொற்கள் தெளிவில்லை, தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்று சொல்லி அதை நிறுத்தி வைத்து, 2012 விதிகளே தொடரட்டும் என்றது. இந்தப் புதிய விதியைப் பற்றி நடந்த பெருஞ்சண்டையில் ஒரு செய்தி கவனிக்கப்படாமல் போனதாக நினைக்கிறேன். அதில் சமத்துவக் குழுவின் தலைவர் நிறுவனத்தின் தலைவரே. பாலியல் துன்புறுத்தலை விசாரிக்கும் குழுவில் துணைவேந்தர் உட்காரவே கூடாது என்று 2015இல் சொன்ன அதே மானியக் குழு, சாதிப் பாகுபாட்டை விசாரிக்கும் குழுவுக்கு அவரையே தலைவராக்கியது. விதி திருத்தி எழுதப்படும்போது முதலில் மாற வேண்டியது இதுதான். சாதிப் பாகுபாடு பெரும்பாலும் துறையின், நிர்வாகத்தின் நடைமுறைக்குள்ளேயே ஒளிந்திருக்கும்போது, நிர்வாகத் தலைவர் எப்படி நடுநிலையாளர் ஆவார்?

ராகிங்கைப் பற்றிச் சுருக்கமாக. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாடு சட்டம் இயற்றியது. 1997இல் ஆந்திரமும் இயற்றியது. பேராதனையில் தமிழ் மாணவர் வரப்பிரகாஷ் ராகிங்கால் இறந்ததைத் தொடர்ந்து 1998இல் இலங்கையும் இயற்றியது. ஆந்திரச் சட்டம் கேலி செய்வதற்கு ஆறு மாதத்தில் தொடங்கித் தண்டனையைப் படிப்படியாக ஏற்றுகிறது. புகாரைக் கண்டுகொள்ளாத கல்லூரித் தலைவரைக் குற்றத்துக்கு உடந்தையானவராகவே கருதுகிறது. அவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும், 2015 ஜூலையில் ஆச்சார்ய நாகார்ஜுனா பல்கலைக்கழகத்தில் கட்டிடக்கலை முதலாண்டு மாணவி, மூத்த மாணவர்களின் தொல்லையை எழுதி வைத்துவிட்டு இறந்தார். ஒன்பது ஆண்டு கழித்து, 2024இல், குண்டூர் நீதிமன்றம் போதிய ஆதாரம் இல்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டது. ஆதாரம் திரட்ட வேண்டியது உயிரோடு இருக்கும்போது, முதல் புகாரின் நாளில்.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் மொழியும் ஒரு கோடு. 1911வரை சந்திரகிரி வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. நகரி, சத்தியவேடு பக்கம் இன்றும் வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். தெலுங்கு உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பது, ‘அரவம்’ என்று பட்டப்பெயர் வைப்பது இவையெல்லாம் வேடிக்கையாகவே கடந்துபோகின்றன. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் தெலுங்குப் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். 2012 விதியில் மொழி என்ற சொல் இருப்பதை இந்த வட்டாரத்து மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

விடுதிக் கதவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெண்கள் விடுதி முன்னிரவிலேயே பூட்டப்படுகிறது. ஆண்கள் விடுதி திறந்தே கிடக்கிறது. பாதுகாப்பு என்று காரணம் சொல்கிறார்கள். மாணவிகளின் பாதுகாப்பைக் காட்டி ஆண்களுக்கு இல்லாத விதிகளைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது என்று 2015 ஒழுங்குமுறை நேரடியாகவே சொல்லிவிட்டது. நூலகமும் ஆய்வகமும் இரவு பத்து மணிக்கு ஒரு மாணவனுக்குக் கிடைத்து மாணவிக்குக் கிடைக்காதபோது, தேர்வில் இருவரும் சமம் என்பது பொய். வளாகம் என்ற சொல்லுக்குள் கல்லூரி பஸ்ஸும் கல்விச் சுற்றுலாவும் பயிற்சிக்கு அனுப்பப்படும் இடமும் அடங்கும் என்பதையும் அதே ஒழுங்குமுறை சொல்கிறது. தனியார் கல்லூரிகளின் மஞ்சள் பஸ்கள் காலையும் மாலையும் ஓடும் சந்திரகிரிச் சாலைக்கு இது மிகவும் பொருந்தும்.

வெளியுலகம் இதில் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இலும் தங்கள் பாகுபாடு தடுப்பு விதியில் சாதியைச் சேர்த்தன. இங்கிலாந்தின் உயர்கல்வி ஒழுங்காற்று அமைப்பு 2025 ஆகஸ்ட் முதல், ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான நெருக்கமான உறவில் அதிகாரம் தவறாகப் பயன்படாமல் காக்க உருப்படியான நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறது. மதிப்பெண் போடும் அதிகாரமே ஆபத்தின் இடம் என்பதை அங்கே வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த ஜூனில் பிள்ளையைச் சேர்க்கத் திருப்பதிக்கோ வேலூருக்கோ போகும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். பிளேஸ்மென்ட் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். உள்ளகப் புகார்க் குழுவில் இருக்கும் மூன்று மாணவர்கள் யார், அவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள், பாகுபாடு தடுப்பு அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் என்ன, போன ஆண்டு எத்தனை புகார் வந்து எத்தனை நாளில் முடிந்தது என்று கேளுங்கள். புகாரே வரவில்லை என்று பெருமையாகச் சொல்லும் கல்லூரியிடம் இன்னும் இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்.  பதில் சொல்லத் தயங்கினால், ராகிங் தடுப்புக்கான தேசிய உதவி எண் 1800-180-5522ஐப் பிள்ளையின் போனில் சேமித்துக் கொடுத்துவிட்டு, பல்கலைக்கழக மானியக் குழுவுக்கு எழுத்துப்பூர்வமாகக் கடிதம் போடுங்கள்.